நாற்பத்தொரு ஒட்டு

நதீன் ஒச்சோவா தன் வீட்டு முன்பக்கச் சிமெண்ட் தரையில் வெள்ளை பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களைப் பரப்பிய ஞாயிற்றுக்கிழமை, கோழிக்கூடு கட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எத்தனை கோழி?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"ரெண்டு. ஒண்ணு நான். பக்கத்து சீட்டுல எந்தக் கோழின்னு இன்னும் முடிவாகல."

நானும் என் மனைவி லொரெட்டாவும் நதீனுக்குப் பக்கத்து வீட்டில் குடிவந்து பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. நதீன் பாசனக் கால்வாய் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். எங்கள் பாலைவன யூமா மாவட்டத்தில் கீரைக்கும் கோசுக்கும் தண்ணீர் விடுகிற மதகுகளில் பாதி அவள் பென்சிலிலிருந்து வந்தவை. நான் முப்பத்தொரு வருஷம் எரிவாயுக் குழாய்களுக்கு வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்றால், லொரெட்டாவின் பூந்தொட்டிகளை இங்கிருந்து அங்கே நகர்த்துவது.

எங்கள் ஊரில் மணல்வண்டி இல்லாத தெரு கிடையாது. இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டிங்கில் ஒட்டி, நடுவில் இரண்டு சீட்டும் பின்னால் ஒரு எஞ்சினும் வைத்தால் மணல்வண்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதி ஊர் அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு மேற்கே மணல்மேடுகளுக்குப் போய்விடும். நதீனின் தம்பி ரமிரோவுக்கு ட்ரெய்லர்களை வாடகைக்கு விடுவதுதான் தொழில். ஆனால் நதீனுக்கு ட்ரெய்லர் என்றாலே பிடிக்காது.

"வண்டியை வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதுக்குப் பேரு பயணமா?" என்றாள் அன்றைக்கு. "நான் கட்டறது இந்தக் கேட்டைத் தாண்டி ரோட்டுல இறங்கணும். திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போகணும், சனிக்கிழமை மணலுக்குப் போகணும். நம்பர் பிளேட்டோட."

"போலீஸ் பிடிக்கும்," என்றான் வேடிக்கை பார்க்க வந்திருந்த ரமிரோ.

"பிடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி கட்டுவேன்."

"என் பொழப்புல மண்ணைப் போடறதுக்குன்னே பிறந்திருக்கா," என்றான் அவன் என்னிடம்.

அளவு பார்ப்பதற்கான அந்தப் பிளாஸ்டிக் கூடு நான்கு வாரம் அங்கேயே நின்றது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் நதீன் அதற்குள் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டு உட்காருவாள். தலைக்கு மேல் எவ்வளவு இடம், முழங்கை எங்கே இடிக்கிறது, லாரிக்காரன் கண்ணுக்குத் தான் தெரிவேனா என்று பார்ப்பாள். இடிக்கிற குழாயை அறுத்து வேறு இடத்தில் சொருகுவாள். சாதாரண மணல்வண்டியில் பக்கவாட்டுக் குழாய் இடுப்பு உயரத்துக்கு ஓடும். ஜன்னல் வழியாக நுழைகிற திருடன் மாதிரி காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும்.

"கால்வாய் கமிட்டி மீட்டிங் அன்னைக்கு நான் ஸ்கர்ட் போட்டுக்கிட்டுப் போறவ," என்றாள். "கௌரவமா ஏறி இறங்கணும்."

"அப்போ பக்கக் குழாயைக் கீழ இறக்கணும். இறக்கினா வண்டிச் சட்டம் துணி மாதிரி முறுக்கிக்கும்," என்றேன்.

"முறுக்கிக்காம இறக்க வழி இருக்கும். தேடறேன்."

தேடினாள். வெல்டிங் கம்பியை வெட்டி ஒட்டி, ஷூ டப்பாவுக்குள் அடங்குகிற அளவில் ஒரு சட்டம் செய்தாள். ஒரு முனையை மேஜையில் இறுக்கிவிட்டு, மறுமுனையில் மீன் நிறுக்கிற தராசை மாட்டி இழுத்து, எவ்வளவு முறுக்குகிறது என்று குறித்துக்கொண்டாள். ஒரு கம்பியைச் சேர்த்து மறுபடி இழுத்தாள். இன்னொன்றை எடுத்துவிட்டு இழுத்தாள். பதினோராவது மாதிரியில் விடை கிடைத்தது. தொடைக்குக் கீழே, சீட்டின் இரண்டு பக்கமும், முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய ஒரு சின்னப் பாலம். அதன் மேல் காலை வைத்துச் சாதாரணமாக ஏறி உட்காரலாம். சட்டமோ முன்பைவிடக் குறைவாகத்தான் முறுக்கியது. அதை என் கையில் கொடுத்து முறுக்கிப் பார்க்கச் சொன்னாள். முறுக்கினேன். அசையவில்லை. முப்பத்தொரு வருஷம் இரும்போடு குப்பை கொட்டியவன் நான். எனக்கு அது தோன்றியிருக்காது.

"வெல்டிங் யார் பண்றா?" என்று கேட்டேன். கேட்கும்போதே கை அரித்தது.

"நீதான். வேற யாரைக் கேட்பேன்? ஆனா ஒரு நிபந்தனை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிஞ்சதும் அதே குழாயில, அதே கோணத்துல, ஒரு துண்டு ஒட்டிக் கொடுத்துடணும். தேதி போட்டு வெச்சுக்குவேன்."

"என்னைப் பரீட்சை பண்றியா?"

"கால்வாய் மதகுக்குக் கான்கிரீட் போட்டாலும் ஒரு கட்டி எடுத்து வெச்சு உடைச்சுப் பாக்கறோம். கான்கிரீட் ஒண்ணும் கோவிச்சுக்கறதில்லை."

ஏப்ரலில் ஆரம்பித்தோம். மொத்தம் எழுபத்திரண்டு குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, வளைக்கிற இடத்தைக் கோடு போட்டு, முனையை மற்றக் குழாயின் வளைவோடு பொருந்தும்படி அராவி வைத்திருப்பாள். இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. நான் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. வெயில் நூற்றுப்பதினைந்து டிகிரியைத் தொட ஆரம்பித்ததும் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்கு நிறுத்தினோம். லொரெட்டா வேலிக்கு மேலே முட்டையும் உலர்ந்த இறைச்சியும் வைத்துச் சுற்றிய மச்சாக்கா பரிட்டோக்களை நீட்டுவாள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு என் கண்கள் சரியில்லை. முகமூடிக்குள்ளே, உருகுகிற இரும்பு ஒரு சின்னக் குளம் மாதிரித் தெரிய வேண்டும். எனக்குக் குளத்தைச் சுற்றிப் பனி படர்ந்தது. ஜூனில் குளமே போய்விட்டது. ஒரு வெளிச்ச வட்டம் மட்டும் மிஞ்சியது. சத்தத்தை வைத்தும் கைப்பழக்கத்தை வைத்தும் ஒட்டினேன். மேலே பார்த்தால் மீன் செதில் அடுக்கிய மாதிரி அழகாகவே இருந்தது. உள்ளே எப்படி என்று எனக்கு நிச்சயமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அக்டோபரில் சட்டம் தன் காலில் நின்றது. மோதி நொறுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த நான்கு சிலிண்டர் எஞ்சின் பின்னால் ஏறியது. வர்ணம் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று, நதீனுடைய சிநேகிதியின் பேரீச்சந்தோப்புக்குள் ஓடுகிற மண்பாதைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். ரமிரோவின் ட்ரெய்லரில்தான். வழி முழுக்க அவன் சிரித்துக்கொண்டே வந்தான். தோப்பில் நதீன் ஐம்பது மைல் வேகத்துக்குப் போனாள். நான் பக்கத்துச் சீட்டில் இருந்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒட்டு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவள் ஒரு காபி டப்பாவோடு எங்கள் சமையலறைக்கு வந்தாள். டப்பாவிலிருந்து இரும்புத் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். எல்லாம் நான் சனிக்கிழமைதோறும் ஒட்டிக் கொடுத்தவை. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் அறுத்து, கண்ணாடி மாதிரித் தேய்த்து, மேலே அமிலம் தடவியிருந்தாள். அப்படிச் செய்தால் இரும்பு எங்கே ஒன்றோடொன்று கலந்திருக்கிறது, எங்கே கலக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

ஏப்ரல், மே துண்டுகளில் இரண்டு குழாயும் ஒன்றாகியிருந்தன. ஜூன் துண்டில் நடுவே கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு. ஆகஸ்டில் அந்தக் கோடு பாதி தூரத்துக்கு ஓடியது. மேலே மட்டும் பிடித்திருந்தது.

"வெர்ன், ஜூன்லருந்து என்ன ஆச்சு?"

"வெல்டிங் காஸ்," என்றேன். "சிலிண்டர்ல ஏதோ கலப்படம்."

அவள் துண்டுகளை டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள். "சரி. புது சிலிண்டர் மாட்டியிருக்கேன். வா, ஒண்ணு ஒட்டிப் பாப்போம்."

போனேன். வேறு என்ன செய்வது? அவள் கொட்டகையில் முகமூடியை இறக்கினேன். தீப்பொறி கிளம்பியதும் நிலாவைச் சுற்றி வட்டம் கட்டின மாதிரி ஒரு வெளிச்சம். இரண்டு குழாயும் சேருகிற இடம் அதில் எங்கேயும் இல்லை. நிறுத்திவிட்டு முகமூடியைத் தூக்கினேன்.

"எனக்குத் தெரியல, நதீன். ஒட்டு எங்க இருக்குன்னே தெரியல."

"எவ்வளவு நாளா?"

"ஈஸ்டருக்கு அப்புறம்."

"தோப்புல ஓட்டினோமே, அப்போ உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் நானும் ஏறி உக்காந்தேன்."

அவள் முகம் மாறியது. "நீயும் ஏறிட்டா சரியாப் போச்சா? ரெண்டு பேரும் சேந்து செத்தா கணக்குச் சரியா? கண்ணு போனதுக்கு உன்மேல எனக்குக் கோபம் இல்லை, வெர்ன். வாயைத் திறக்காம இருந்தியே, அதுக்குத்தான் கோபம்."

முகமூடியை ஆணியில் மாட்டினேன். வீட்டுக்கு வந்து லொரெட்டாவிடம் சொன்னேன்.

"இப்பதான் சொல்றியா?" என்றாள் அவள். "போன மாசம் காபியில உப்பைப் போட்டுக் குடிச்சுட்டு நல்லாயிருக்குன்னு சொன்னியே, அன்னைக்கே தெரியும்."

அந்த வாரம் முழுக்க நதீன் என்னோடு பேசவில்லை. தினமும் சாயங்காலம் அவள் கொட்டகையிலிருந்து கிரைண்டர் சத்தம் மட்டும் வந்தது. ஜூன் முதல் நான் ஒட்டியவை நாற்பத்தொரு ஒட்டுகள். எண்ணும் தேதியும் அவள் நோட்டில் இருந்தன. எஞ்சினை இறக்கி, அந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தாள். வேலிப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குழாயும் தரையில் விழுகிற சத்தம் கேட்கும்போது உள்ளே போய்விடலாம் என்று தோன்றும். போகவில்லை.

சனிக்கிழமை ரமிரோ வந்தான். கொட்டகையில் பாதிச் சட்டம்தான் நின்றது. பின்பாதி தரையில் குழாய்க் குவியலாகக் கிடந்தது.

"உனக்குப் பைத்தியமா? எட்டு மாச வேலை. ஓரத்துல நாலு தகடு வெச்சு அடிச்சு, மேல பெயிண்ட் பூசிட்டா எவனுக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"சரி, அறுத்தாச்சு. என் யார்டுல ஒரு பையன் இருக்கான். நல்லா வெல்டிங் பண்ணுவான். நாளைக்கே வரச் சொல்றேன்."

நதீன் காபி டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஏப்ரல் துண்டு.

"இந்த மாதிரி ஒட்டுவானா?"

அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் இரும்போடு பிழைக்கிறவன்தான். "மாட்டான்," என்றான்.

"அப்போ வெர்ன் கண்ணு சரியாகற வரைக்கும் இது இப்படியே கிடக்கட்டும்."

நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். அவளுக்கும் அது தெரியும். இந்தப் பக்கம் திரும்பாமலே, "செவ்வாக்கிழமை காலையில எட்டரைக்குக் கண் டாக்டர்," என்றாள். "லொரெட்டாவும் நானும் பேசி நேரம் வாங்கியாச்சு. நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். நடுவுல இறங்கி ஓடிடாம இருக்கத்தான்."

கண்புரை. இரண்டு கண்ணிலும். டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் மற்றொன்று என்று அறுவை செய்தார்கள். முதல் கண்ணின் கட்டைப் பிரித்த அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை என்று தெரிந்தது. இத்தனை நாளும் வெண்ணெய் நிறம் என்று நினைத்திருந்தேன்.

"என் முகம்?" என்று கேட்டாள் லொரெட்டா.

"அப்படியேதான் இருக்கு."

"பொய் சொல்றவனுக்குக் கண்ணு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மூன்று மாதமும் நதீன் சும்மா இருக்கவில்லை. அறுத்தது அறுத்தாகிவிட்டது, பிடிக்காததை எல்லாம் இப்போதே மாற்றிவிடலாம் என்று பின்பாதியை முதலிலிருந்து வரைந்தாள். எஞ்சினை இறக்க முன்பு அரை நாள் பிடித்தது. இப்போது ஒரு குறுக்குக் குழாயைப் போல்ட்டில் கழற்றும்படி வைத்தாள். ஒரு மணி நேரத்தில் இறக்கலாம். பெட்ரோல் டாங்கை முதுகுக்குப் பின்னாலிருந்து நகர்த்தி, நாலு பக்கமும் குழாய் சூழ்ந்த ஒரு கூண்டுக்குள் வைத்தாள். பின்னாலிருந்து யாராவது மோதினால் மோதல் முதலில் எந்தக் குழாய்க்குப் போகும், அங்கிருந்து எதற்குப் போகும் என்று சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். எல்லா அம்பும் சீட்டைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூட சீட்டுக்குள் போகவில்லை.

மார்ச் முதல் சனிக்கிழமை மறுபடி முகமூடியை மாட்டினேன். உருகின இரும்பின் குளம், அதன் ஓரம், கம்பி அதில் கரைகிற இடம், எல்லாம் தெரிந்தன. முதல் ஒட்டை முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் முகமூடியைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, உள்ளயே தூங்கிட்டியா?" என்றாள் நதீன்.

"இரு. துண்டையும் ஒட்டிக் கொடுத்துடறேன்."

இந்த முறை துண்டுகளை மாதக்கணக்கில் அவள் சேர்த்துவைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கண்ணெதிரே மேஜையில் பொருத்திய வைஸ் பிடியில் இறுக்கி, சம்மட்டியால் அடித்து மடக்கினாள். குழாய் மடங்கியது, நசுங்கியது. ஒட்டு விடவில்லை. அடிக்கிற முறை எனக்கும் வந்தது. நான் அவளைவிட ஓங்கி அடித்தேன்.

மே மாதம் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். வீட்டில் கட்டின வண்டி ரோட்டில் ஓட வேண்டுமானால் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தொங்குமீசை வைத்த, மெலிந்த மனிதர். ஒரு டார்ச்சையும் பல் டாக்டர் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் நம்பரை அது வாங்கின காகிதத்தோடு ஒப்பிட்டார். விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹேண்ட்பிரேக், சீட் பெல்ட், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். பின் மட்கார்டுக்கு வந்ததும் நின்றார்.

"டயர் ரெண்டு விரல் வெளிய தெரியுது, மேடம். முழுசா மூடணும். இப்படி விட முடியாது."

ரமிரோவாக இருந்தால் அரை மணி நேரம் வாதாடியிருப்பான். நதீன் குனிந்து பார்த்தாள். "நீங்க சொல்றது சரி. அகலமான டயர் மாத்தினப்ப நான் இதைத் திரும்ப அளக்கல," என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அவர் மறுபடி குனிந்து, சீட்டுக்குக் கீழே உள்ள அந்த முக்கோணப் பாலத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வெல்டிங் யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"கையைக் கீழ விடுங்க. இது ஸ்கூல் இல்லை. டிசைன்?"

"நான்தான்," என்றாள் நதீன்.

"வருஷத்துக்கு நாப்பது வண்டி பாக்கறேன். பெரும்பாலும் கையில குழாய் மிச்சம் இருந்தா அதையும் எங்கயாவது ஒட்டிவிட்டுடறாங்க. இதுல எந்தக் குழாயைப் பாத்தாலும் எதுக்கு இருக்குன்னு எனக்கே புரியுது." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மட்கார்டை மாத்திக்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் அடையாள எண் பொறித்த சின்னத் தகட்டைக் கொடுத்தார்கள். பெடலுக்குப் பக்கத்தில் அதற்கென்று நதீன் ஏற்கெனவே இரண்டு துளை போட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை ஸ்கர்ட் போட்டுக்கொண்டு அதில் ஆபீஸுக்குப் போனாள். அன்று கமிட்டி கூட்டம் இருபது நிமிஷம் தாமதமாக ஆரம்பித்ததாம். தலைவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார் என்று சொன்னாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. வண்டி எழுபதாயிரம் மைலுக்கு மேல் ஓடிவிட்டது. ஒட்டு ஒன்றும் விடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நானும் அவளும் விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாக் குழாயையும் வரிசையாகப் பார்க்கிறோம். அவள் எண்ணைச் சொல்வாள், நான் பார்த்து "சரி" என்பேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வண்டி ஓடத் தொடங்கிய முதல் கோடையில் நானும் நதீனும் டேட்லேண்ட் என்கிற சிற்றூருக்குப் போன நாள். கிழக்கே அறுபத்தைந்து மைல், நெடுஞ்சாலையில். இரண்டு பக்கமும் லாரிகள். நான் சீட்டில் சாய்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மலைகளைப் பார்த்தபடி போனேன். ஒரு பள்ளம்கூட என் கவனத்துக்கு வரவில்லை.

அங்கே பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் இரண்டு வாங்கி நிழலில் உட்கார்ந்தோம். ஒரு லாரிக்காரர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எங்களிடம் வந்தார். டெக்சஸ்காரர்.

"இது எங்க வாங்கினது, மேடம்?"

"வாங்கல. கட்டினது."

"பக்கத்துல இவ்வளவு தாழ்வா இருக்கே. முறுக்கிக்காதா?"

நதீன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, மில்க்‌ஷேக் வந்த காகிதப் பையைக் கிழித்து விரித்தாள். முதல் முக்கோணத்தைப் போட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். கேள்விமேல் கேள்வி கேட்டார். அவள் பையின் மறுபக்கத்தையும் திருப்பினாள்.

எப்படியும் இருபது நிமிஷம் ஆகும் என்று தெரிந்தது. அவளுடைய மில்க்‌ஷேக் வெயிலில் உருகிக்கொண்டிருந்தது. வீணாக்கக் கூடாது என்று அதையும் நானே குடித்தேன்.